அந்தப் பிள்ளை தேர்தலில் நிற்கவில்லை

1

திருகோணமலையில் நகரசபைத் தேர்தல் நெருங்குகிறதாம். ஹனீபா எழுதியிருக்கிறான். டொக்யாட் றோட்டுப் பக்கம் சைக்கிள் கடை வைத்துக்கொண்டு, ஒலிபெருக்கியும் வாடகைக்கு விடுகிற என் பழைய சிநேகிதன் அவன்.

"சுவரெல்லாம் நோட்டீஸ். ஆளுக்காள் வீட்டுக் கதையை இழுத்துத் தெருவில போடுறாங்கள். எங்கட பக்கத்துப் பொடியங்கள் வந்து, 'ஹனீபா காக்கா, நாங்களும் திருப்பிக் குடுக்கவேணுமா, பேசாம இருக்கவேணுமா' எண்டு கேக்கிறாங்கள். நீ என்ன சொல்லுறாய், மச்சான்? பத்திரிகைக்கு எழுதுற ஆள்தானே, எழுதன்."

கேள்வி சின்னது. ஆனால் ஒரு வரியில் பதில் எழுத எனக்கு ஏலவில்லை. ஏனென்றால் இதே கேள்வி இந்த வருடம் இங்கே, இங்கிலாந்தின் தென்கரையில் இருக்கும் எங்கள் சின்னத் துறைமுக ஊரில், என் குசினியில், சாப்பாட்டு மேசைக்கே வந்து சேர்ந்தது. அதை வைத்தே பதில் சொல்லிப் பார்க்கிறேன்.

நான் யாரென்று தெரியாதவர்களுக்கு: திருகோணமலை டொக்யாட் என்ற கப்பல் பட்டறையில் வேலை செய்தவன். வெள்ளைக்காரர் துறைமுகத்தைக் கையளித்துவிட்டுப் போனபோது, அவர்கள் பின்னாலேயே கப்பலேறி வந்த சிலரில் நானும் ஒருவன். இருபது வருடமாகிறது. இப்போதும் துறைமுகத்தில்தான் வேலை. சாமான் களஞ்சியத்துக்குப் பொறுப்பு. மனைவி திலகம் ஆஸ்பத்திரியில் தாதி. குறை சொல்ல ஒன்றுமில்லை. குளிரைப் பற்றிக் குறை சொல்வது இங்கே ஒரு மரியாதை, ஆகையால் அதை மட்டும் ஒழுங்காகச் சொல்லி வருகிறோம்.

வந்திறங்கிய முதற் கிழமை, ஒரு கந்தோரில் இருந்த அலுவலர் நாகமணி கதிர்காமத்தம்பி என்ற என் பெயரைப் பார்த்தார். பேனையைக் கடித்துக் கொஞ்சம் யோசித்தார். பிறகு கடைசித் துண்டை மட்டும் வெட்டியெடுத்துக் குடும்பப் பெயராக எழுதிவிட்டார். அன்றிலிருந்து நான் மிஸ்டர் தம்பி. திலகம் மிஸிஸ் தம்பி. பக்கத்து வீட்டுக் குழந்தைகூட "ஹலோ மிஸ்டர் தம்பி" என்கிறது. ஊரில் என்னைத் தம்பி என்று கூப்பிட ஆட்கள் குறைந்துவரும் வயதில், இங்கே ஒரு நகரமே கூப்பிடுகிறது.

2

எங்கள் ஒரே மகள் மாலினி இங்கேயே பிறந்தவள், இங்கேயே கல்லூரியில் படிக்கிறாள். தமிழ் முழுதும் விளங்கும். பேசும்போது மட்டும் வினைச்சொல் வரை வந்து, அங்கே நின்று, ஆங்கிலத்தில் குதித்துவிடுவாள்; அந்த ஆங்கிலத்தையும் இங்கே எங்கள் தமிழாக்கியே தருகிறேன். நானும் திலகமும் இதைப் பற்றிக் கவலைப்பட்டுக் கவலைப்பட்டு, இப்போது கவலைப்படுவதை ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வைத்துக்கொள்கிறோம்.

இந்த வசந்தத்தில் எங்கள் வட்டாரத்துக்கு நகரசபைத் தேர்தல் வந்தது. எங்கள் தெருவிலிருந்து பிரியும் சின்ன ஒழுங்கையின் மூலையில் இருக்கும் டொறிஸ் என்ற பெண் போட்டியிட்டா. பஸ் கொண்டக்டராக வேலை செய்து ஓய்வு பெற்றவ. அவ கேட்டது ஒன்றே ஒன்று: ஆரம்பப் பாடசாலை வாசலில் பிள்ளைகள் தெருவைக் கடக்க, வெள்ளைக் கோடும் விளக்குக் கம்பமும் வேண்டும். அங்கே ஒரு பிள்ளையைக் கார் இடித்துக் கால் முறிந்திருந்தது. மாலினி படித்த பாடசாலை அது. அவள் தானாகவே போய் டொறிஸுக்கு வீடு வீடாக வாக்குக் கேட்கத் தொடங்கினாள்.

ஒரு சனிக்கிழமை காலை, கதவிலிருக்கும் தபால் ஓட்டையால் ஒரு நோட்டீஸ் வந்து விழுந்தது. அச்சிட்டவர் பெயர் இல்லை. மாலினி அதை வாசித்துக்கொண்டே குசினிக்குள் வந்தாள். முகம் சிவந்திருந்தது.

"அப்பா, கேளுங்கோ. 'டொறிஸுக்கு உங்களைவிட வெளிநாட்டுக்காரர்தான் முக்கியம். உங்கள் கதவைத் தட்ட அவர் யாரை அனுப்புகிறார் என்று பாருங்கள்.' ஆரை? என்னையா? நான் இந்த ஊர் ஆஸ்பத்திரியில பிறந்தனான்! அம்மா வேலை செய்யிற ஆஸ்பத்திரி!"

தேத்தண்ணி வடித்துக்கொண்டிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தேன். இந்த ஊர் எனக்குச் சொன்ன பல சொற்களை நான் மழைக்கோட்டில் விழுந்த தண்ணீர் போல உதறிவிட்டு நடந்திருக்கிறேன். மகளுக்குச் சொன்னதை உதற வரவில்லை.

"நானும் ஒரு நோட்டீஸ் அடிக்கப்போறன்," என்றாள் மாலினி. "டொறிஸுக்கு எதிரா நிக்கிறாரே அந்தக் கவுன்சிலர், அவற்ற மகன் பள்ளிக்கூடத்தில என்ர வகுப்பு. பள்ளிக்கூடத்தால ஏன் அவனை நிப்பாட்டினது எண்டு எனக்குத் தெரியும். போதை மருந்து. ஊருக்குத் தெரியாது. நாங்கள் அதைப் போட்டா, அவர் முடிஞ்சார்."

"கொஞ்சம் இரு, பிள்ளை," என்றேன். "பரிமளம் மாமி எலக்சனில நிண்ட கதை உனக்குச் சொன்னனானா?"

"மெஷின் தைக்கிற மாமியா? எலக்சனா?"

அவள் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தாள். பாதி ஆத்திரம் இன்னும் முகத்தில் இருந்தது.

3

பரிமளம் என் அக்கா. நான் கப்பலேறுவதற்கு முந்திய கதை இது. எங்கள் குடும்பம் தெற்கே வெருகல் என்ற ஊர்ப் பக்கத்தது. அப்பாவுக்கு இரண்டாம் உலக யுத்தகாலத்தில் டொக்யாட்டில் வேலை கிடைத்தபோது திருகோணமலைக்கு வந்து ஊன்றிக்கொண்டோம். அக்காவின் புருஷன் காய்ச்சலில் இறந்தபோது அவவுக்கு முப்பது வயதும் இல்லை. மகள் சறோ சின்னப் பிள்ளை. அக்கா ஒரு தையல் மெஷினை வாங்கிப் போட்டு, தெருவைப் பார்த்தபடி கடை திறந்தா. ஊர்ப் பெண்களுக்குச் சட்டை, கப்பல்களில் வரும் மாலுமிமாருக்குக் காற்சட்டை. மாலுமிமாருக்குக் காற்சட்டை ஒருபோதும் அளவாக இருப்பதில்லை என்பதால் தொழில் நன்றாக ஓடியது.

எங்கள் ஒழுங்கைகளில் கிணற்று நீர் உவர். நல்ல தண்ணீருக்குப் பெரிய தெருக் குழாய்க்குப் போகவேண்டும். மாரி வந்தால் சந்தைக்குப் பின்னால் வாய்க்கால் இல்லாமல் வெள்ளம் வாசல்வரை வரும். வட்டார உறுப்பினர் மரக்காலைச் செல்லத்துரை. பெரிய மரக்காலை வைத்திருந்தார், பலகையும் தீராந்தியும் விற்பார். போட்டியே இல்லாமல் உறுப்பினராகி வந்தவர். கெட்டவர் என்று சொல்லமாட்டேன். கேட்க ஆளில்லாத இடத்தில் இருந்து பழகிவிட்ட மனிதர்.

அக்கா நாலைந்து பெண்களைக் கூட்டிக்கொண்டு அவரிடம் போனா, குழாய் கேட்க. அவர் பலகை அடுக்குகளுக்கு நடுவில் சாய்மனைக் கதிரையில் இருந்தபடி சிரித்தார்.

"தண்ணி வேணுமெண்டா நீயே எலக்சன் கேட்டு வந்து கொண்டுவாவன், பிள்ளை."

அவருடைய ஆட்களும் சிரித்தார்கள்.

"சரி ஐயா," என்றா அக்கா.

வீட்டுக்கு வந்து எனக்குச் சொன்னபோது, நானும் முதலில் சிரித்தேன். அவ சிரிக்கவில்லை. அந்தக் கிழமையே மனுப்போட்டா. அவவுக்குக் கிடைத்த சின்னம் மூக்குக்கண்ணாடி. செல்லத்துரைக்கு மணிக்கூடு.

ஹனீபாவுக்கு அது போதுமாக இருந்தது. ஒரு பழைய காரின் தலையில் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு, நானும் அவனும் வேலை முடிந்த பின்னேரங்களில் ஒழுங்கை ஒழுங்கையாகப் போவோம். "நிண்டுபோன மணிக்கூட்டுக்கா உங்கட வோட்டு? கண்ணாடியைப் போடுங்கோ, எல்லாம் வடிவாத் தெரியும்!" என்று அவன் கத்துவான். அக்கா பின் ஆசனத்தில் இருந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பா. அவ அப்படிச் சிரித்து நான் பார்த்துப் பல வருடங்கள். எதிரியைக் கிண்டல் பண்ணக்கூடாது என்று அவ ஒருநாளும் சொல்லவில்லை. உண்மையில் அவவுக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

4

தேர்தலுக்குக் கிட்ட, ஒரு காலையில் சந்தைச் சுவரெல்லாம் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. ஒழுங்கைகளிலும் வீசியிருந்தார்கள். பெயர் கிடையாது. "ஊர்ப் பெண்களே, எச்சரிக்கை! வெருகலில் இருந்து வந்தேறிய கைம்பெண் ஒருத்தி பகலில் ஊசி பிடிக்கிறாள். மாலுமிமார் மாலையில் அங்கே எதைத் தைக்கக் கொடுக்கிறார்கள்?"

அவ்வளவுதான். அதற்கு மேல் ஒன்றும் எழுதத் தேவையிருக்கவில்லை.

அன்று மத்தியானத்துக்குள் தைக்கக் கொடுத்த துணிகளைத் திருப்பிக் கேட்டு ஆட்கள் வந்தார்கள். வெட்டியது, வெட்டாதது, பாதி தைத்தது, எல்லாவற்றையும். அக்காவோடு வீடு வீடாக வந்துகொண்டிருந்த பெண் ஒருத்தி வாசலில் நின்று அழுதாள். "அக்கா, வீட்டில அவர் விடுறாரில்ல." சறோ பாதி நாளிலேயே பாடசாலையிலிருந்து வந்துவிட்டாள். அடுத்த நாள் போகவில்லை. ஏனென்று தாய் கேட்கவும் இல்லை.

தபால் கந்தோரில் வேலை செய்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் ஆறுதல் சொல்ல வந்தார். எங்கள் மேல் அன்பானவர். "பதில் சொல்லப் போகாதேங்கோ, பிள்ளை. அந்தச் சேத்துக்குள்ள இறங்காதேங்கோ. மரியாதையான சனம் பேசாம இருந்தாலே காணும்," என்றார்.

அவர் போன பிறகு அக்கா சொன்னா: "பேசாம இருந்தா அவருக்கு மரியாதை மிஞ்சும். எனக்கு என்ன மிஞ்சும்?"

மறுநாள் பகல் வேறொருவர் வந்தார். செல்லத்துரையின் மரக்காலையில் கணக்குப்பிள்ளையாக இருந்து, சண்டை பிடித்துக்கொண்டு விலகியவர். நானும் ஹனீபாவும் கடையில் இருந்தோம். அவர் கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார்.

"செல்லத்துரையற்ற மூத்த மகள் றஞ்சி கொழும்பில படிக்கிறாள் எண்டுதானே ஊரில சொல்லுறார்? படிக்கேல்ல. ஒரு வெள்ளைக்கார மாலுமியோட போனவள். அவன் கப்பலேறிப் போயிட்டான். இப்ப கைக்குழந்தையோட தனிய இருக்கிறாள். அவையள் மூடி வைச்சிருக்கினம்."

ஹனீபா எழும்பியே விட்டான். "அல்லாஹ்! மாலுமி எண்டு நோட்டீஸ் அடிச்சவற்ற வீட்டிலயா? இது காணும் அக்கா. இண்டைக்குப் பின்னேரம் மைக்கில விட்டனெண்டா, நாளைக்கு அவர் வெளிய தலை காட்ட ஏலாது."

"அவர்தானே துவங்கினவர், அக்கா," என்றேன் நானும்.

அக்கா மெஷினில் கை வைத்தபடி இருந்தா. நூற்கட்டையைக் கழற்றி வைத்தா. பிறகு கணக்குப்பிள்ளையைப் பார்த்துக் கேட்டா:

"என்ன பிள்ளையாம்? ஆணோ, பெண்ணோ?"

அவர் விழித்தார். "அது... எனக்குத் தெரியாதே."

"றஞ்சி பெரியபிள்ளையானபோது சட்டை தைச்சது நான்தான். அளவெடுக்கேக்க கூச்சத்தில சிரிச்சுக்கொண்டே நிண்டவள்." அக்கா எங்களைப் பார்த்தா. "அந்தப் பிள்ளை எலக்சனில நிக்கேல்லையே. நிக்கிறது அவளின்ர தேப்பன்."

"அப்ப உங்கட சறோ நிண்டவளா?" ஹனீபாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "அவள் பள்ளிக்கூடம் போக ஏலாம வீட்டில இருக்கிறாள். அது மட்டும் சரியா?"

"சரியில்ல. அதைத்தானே நானும் சொல்லுறன், ஹனீபா."

கணக்குப்பிள்ளை முகத்தைச் சுளித்துக்கொண்டு போய்விட்டார். ஹனீபா கடை வாசலில் போய் நின்றான். எனக்கும் மனம் கசந்து கிடந்தது. கையில் கிடைத்த தடியைக் கீழே போடச் சொன்னால் யாருக்குத்தான் பிடிக்கும்?

"என்ன நிக்கிறியள்?" என்றா அக்கா. "பேசாம இருக்கப்போறன் எண்டு நான் சொன்னனானா? போய் மைக்கைக் கட்டுங்கோ."

5

சந்தைக்கு முன்னால் ஒரு லொறியை நிறுத்தி அதன் மேல் ஏறினா அக்கா. அந்தக் காலத்தில் ஒரு பெண் லொறியில் ஏறி நின்று பேசுவதைப் பார்க்கவே சனம் கூடியது. மீன் விற்றவர்களும் வியாபாரத்தை விட்டுவிட்டு வந்தார்கள். கிண்ணியாவுக்குத் தோணி பிடிக்கப் போனவர்களும் நின்றார்கள்.

அவ மடியிலிருந்து அந்த நோட்டீஸை எடுத்தா. ஒரு சொல்லையும் விடாமல், முதலிலிருந்து கடைசிவரை, ஒலிபெருக்கியில் வாசித்தா. பின்னால் நின்றவர்கள் முன்னுக்கு நெருங்கினார்கள். தங்கள் வீட்டுக்குள் குசுகுசுத்ததை அவவின் வாயாலேயே கேட்கவேண்டிவரும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

"ஓம். என்ர கடைக்கு மாலுமிமார் வாறவை. காற்சட்டை குடுக்க வாறவை. கதவு றோட்டைப் பாத்துத் திறந்து கிடக்கு, எத்தனையோ வருசமா நீங்கள் எல்லாரும் அதாலதான் போய் வாறியள். எப்பவாவது ஒருத்தர் பிழையா ஒண்டைக் கண்டிருந்தா இப்ப கையை உயர்த்துங்கோ. பெயரில்லாத கடுதாசி வேண்டாம். பெயரோட ஒரு ஆள் காணும்."

ஒருவரும் கை உயர்த்தவில்லை. ஒரு மீன்காரி மட்டும், "எங்கட மனிசன்ர காற்சட்டையையும் அவதான் தைச்சவ!" என்று கத்தினாள். கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்போடு ஏதோ ஒன்று அவிழ்ந்துபோனது.

பிறகு அக்கா செல்லத்துரையைப் பிடித்தா. பெயர் சொல்லியே பிடித்தா. இத்தனை வருடத்தில் இந்த ஒழுங்கைகளுக்கு என்ன செய்தார்? நகரசபையில் எங்கள் தண்ணீரைப் பற்றி ஒருநாளாவது வாய் திறந்தாரா? தன்னுடைய மரக்காலைக்கு மட்டும் குழாய் போட்டுக்கொண்டாரே, ஏன்? கூட்டம் ஆரவாரித்தது. ஹனீபா கோபத்தை மறந்து கைதட்டினான்.

மறுநாள் ஒரு சங்கடம் வந்தது. நேவியில் குழாய் வேலை செய்த மனிதர் ஒருவர் கடைக்கு வந்து, மரக்காலைக் குழாய் யுத்தகாலத்தில் நேவி போட்டது, அப்போது அந்த நிலம் நேவியின் கையில் இருந்தது, செல்லத்துரை அதைப் பிறகு வாங்கியவர் என்றார். அக்கா அன்று பின்னேரமே மறுபடி லொறியில் ஏறினா.

"நேத்து நான் சொன்னதில ஒண்டு பிழை. மரக்காலைக் குழாய் நேவி போட்டது. ஐயா போட்டதில்ல."

"அக்கா, ஆரும் கேக்கேல்லையே!" என்று ஹனீபா கீழே இருந்து பல்லைக் கடித்தான்.

"ஆனா," என்று அக்கா தொடர்ந்தா, "அந்தக் குழாயை எங்கட ஒழுங்கைக்கு ஒரு அடிகூட நீட்டாதது ஆர்? அது பிழையில்ல."

சிலர் கைதட்டினார்கள். சிலர், "நேத்து ஒண்டு சொல்லுறாள், இண்டைக்கு ஒண்டு சொல்லுறாள்," என்று கலைந்து போனார்கள்.

அக்கா தோற்றுப்போனா. கொஞ்ச வாக்குகளில்தான். ஆனாலும் தோல்வி தோல்விதான். அவ அதைப் பெருந்தன்மையோடு எடுத்துக்கொண்டா என்று எழுத எனக்கு ஆசை. அப்படி நடக்கவில்லை. கடையைத் திறக்காமல் படுத்துக் கிடந்தா. சாப்பாடு கொண்டுபோனால் ஏசினா. ஹனீபாவையும் என்னையும் ஏசினா, வாக்குப் போடாதவர்களைப் பெயர் பெயராக ஏசினா.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு காலையில் கதவு தட்டப்பட்டது. நான் திறந்தேன். செல்லத்துரையின் மனைவி நின்றா. கையில் ஒரு பார்சல். அக்கா எழும்பி, தலையை அள்ளி முடிந்துகொண்டு வந்தா.

"ஒரு சட்டை தைக்கவேணும், பரிமளம்."

"ஆருக்கு?"

அந்த அம்மா என்னை ஒருமுறை பார்த்தா. பிறகு மறைக்கவேண்டாம் என்று நினைத்தாவோ என்னவோ, சொன்னா: "கைக்குழந்தைக்கு."

"ஆம்பிளைப் பிள்ளையோ?"

"பொம்பிளைப் பிள்ளை."

அக்கா பார்சலைப் பிரித்து வெள்ளைத் துணியை விரலால் தடவிப் பார்த்தா. "நல்ல மெத்தெண்ட துணி. கழுத்தில பூ வைச்சுத் தரட்டே?"

"ஓம். வை."

அக்கா துணியை அளந்து மடித்து வைத்தா. கணக்குப்பிள்ளை எங்களிடம் வந்ததும் அக்கா அந்தக் கதையை எடுக்காமல் விட்டதும் அவவுக்கு எப்படித் தெரிந்ததென்று எனக்கு இன்றும் தெரியாது. அவ போனதும் அக்கா கடைக் கதவின் இரண்டு பக்கத்தையும் அகலத் திறந்துவிட்டு மெஷினுக்கு முன்னால் குந்தினா. மரக்காலை அம்மாவே அங்கு தைக்கக் கொடுக்கிறா என்றால் பிறகென்ன? துணிகள் திரும்பி வந்தன. சறோ பாடசாலைக்குப் போனாள்.

அடுத்த மாரிக்கு முன்னரே எங்கள் ஒழுங்கைக்குக் குழாய் வந்தது. செல்லத்துரை மாலை மரியாதையோடு வந்து திறந்துவைத்தார். வரிசையில் வாளியோடு நின்ற அக்காவைக் கண்டுவிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி, "என்ன பரிமளம், கண்ணாடியைப் போட்டுப் பாத்தியே? தண்ணி தெரியுதோ?" என்றார்.

அக்கா ஒரு கை ஏந்திக் குடித்தா. "நல்ல தண்ணி, ஐயா. வாய்க்கால் எப்ப?"

அவரே சிரித்துவிட்டார். அந்த நோட்டீஸை அவர் அடித்தாரா, அவருக்குத் தெரியாமல் அவருடைய ஆட்கள் அடித்தார்களா என்பது கடைசிவரை தெரியவில்லை. அக்கா பிறகு தேர்தலில் நிற்கவுமில்லை. இப்போது பாலையூற்றில் சறோவின் வீட்டில் இருக்கிறா, இன்னும் தைக்கிறா.

6

"அப்ப மாமி தோத்தவ," என்றாள் மாலினி.

"ஓம். தோத்தவ."

"அந்தப் பெண்ணின்ர கதையைச் சொல்லியிருந்தா?"

"வெண்டிருப்பம் எண்டு ஹனீபா மாமா இண்டைக்கும் சொல்லுறார். இருக்கலாம்."

வென்றிருக்கமாட்டோம் என்று சொல்லியிருந்தால் கதை அழகாக முடிந்திருக்கும். ஆனால் எனக்கு அது தெரியாது. தெரியாததை மகளுக்குச் சொல்லி என்ன பயன்?

மாலினி நோட்டீஸை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வெளியே போனாள். அவள் என்ன செய்யப்போகிறாள் என்று நான் கேட்கவில்லை. திலகத்துக்குக் கோபம். "பிள்ளை அங்க போய் என்னத்தையாவது நோட்டீஸ் அடிச்சுப் போடப்போறாள், நீங்கள் பழங்கதை சொல்லிக்கொண்டிருக்கிறியள்," என்றா.

பின்னேரம் மாலினி டொறிஸையும் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தாள். டொறிஸ் அதுவரை எங்கள் வீட்டுக்குள் வந்ததில்லை. திலகம் அலுமாரியிலிருந்து நல்ல கோப்பைகளை எடுத்தா.

"அந்தப் பையனைத் தொடவேண்டாம் என்று உங்கள் மகள் சொல்கிறாள்," என்றா டொறிஸ். "எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது, மிஸ்டர் தம்பி. ஆனால் நான் தேவதை இல்லை. வாழ்நாள் முழுக்க பஸ்ஸிலிருந்து குடிகாரரை இறக்கிவிட்டவள். பாடசாலை வாசலைப் பற்றிச் சபையில் பேசிய நாளில் அந்தக் கவுன்சிலர் வரவேயில்லை. அதை அச்சடிக்கப் போகிறோம். என் பெயரைக் கீழே போட்டு."

"நல்லது," என்றேன்.

"இன்னொன்று. என் சார்பில் கதவு தட்டுவது யாரென்று பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். பார்க்கட்டுமே. நாளைக்கு நீங்களும் வாருங்கள்."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. இந்தத் தெருவில் பத்துப் பன்னிரண்டு வருடம் இருக்கிறேன். இரண்டு வீட்டைத் தவிர வேறெந்த வாசற்படியையும் மிதித்ததில்லை. மறுநாள் கழுத்துப்பட்டி கட்டி, கோட்டுப் போட்டு, கலியாணத்துக்குப் போகிறவனைப் போலக் கிளம்பினேன்.

முதற்கதவு முகத்துக்கு நேரே சாத்தப்பட்டது. இரண்டாம் வீட்டு மனிதர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "காப்புறுதி விற்கிறாயா?" என்றார். டொறிஸின் புது நோட்டீஸைக் கொடுத்தேன். அங்கேயே நின்று வாசித்து, "இவர் வரவேயில்லையா?" என்று கேட்டார். மூன்றாவது வீட்டில் ஒரு முதிய சீமாட்டி. "பாடசாலைக்கு விளக்கு வேண்டும் என்பவரா நீங்கள்?" என்று கேட்டா. பதற்றத்தில் எனக்கு ஊர்ப் பேச்சே வாயில் வந்துவிட்டது: "ஓம், ஓம்."

அந்த அம்மா உடனே பயபக்தியோடு இரண்டு கைகளையும் கூப்பி, கண்ணை மூடி, தலை குனிந்தா. அதை மந்திரமென்று நினைத்துவிட்டா. எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, நானும் கைகூப்பினேன். வேலிக்கு வெளியே மாலினி சிரிப்பை அடக்க முடியாமல் விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த வாக்கு எங்களுக்குத்தான் விழுந்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

7

இந்த நாட்டில் நான் முதன்முறையாக வாக்களித்தேன். இவ்வளவு காலமும் வாக்காளர் இடாப்பில் என் பெயர் ஒன்றில் இருக்காது, அல்லது வேறு யாருடைய தெருவிலோ இருக்கும். ஒவ்வொரு முறையும் கடிதம் எழுதித் திருத்துவேன். அவர்கள் இன்னொரு விதமாகப் பிழை விடுவார்கள். இந்த முறை ஒரு எழுத்து மாறி, வாசித்தால் "தும்பி" என்று வந்தது. மேசையில் இருந்தவர் தயங்கினார். மாலினி அவரோடு வாதாடி, பறக்கும் தும்பி நான்தான் என்று நிறுவி, எனக்கு வாக்குச்சீட்டு வாங்கித் தந்தாள். அவளுடைய ஆங்கிலத்தைக் குறித்து அன்று எனக்குக் கவலை ஒன்றும் வரவில்லை.

டொறிஸ் வென்றா. அதனால்தான் வென்றா, இதனால்தான் வென்றா என்று நான் கணக்குப் போடப் போவதில்லை. அக்கா தோற்றா, டொறிஸ் வென்றா. இருவரும் ஏறக்குறைய ஒரே விதமாகத்தான் சண்டை பிடித்தார்கள்.

ஆகவே ஹனீபா, உன் பொடியங்களுக்கு இதைச் சொல். பேசாமல் இருக்கவேண்டாம். அவர்கள் பொய் சொன்னால் அந்தப் பொய்யைச் சந்தையில் நின்று உரத்து வாசியுங்கள். நிற்பவர் செய்ததையும் செய்யாததையும் பெயர் போட்டுக் கேளுங்கள். கேலி பண்ண வேண்டுமானால் பண்ணுங்கள், உனக்கு அது நன்றாக வரும். பிழையாகச் சொன்னது தெரிந்தால் மறுநாள் ஏறித் திருத்துங்கள், பல்லைக் கடிக்காமல். நிற்காதவர்களை, அவர்களுடைய பிள்ளைகளை, பெண்டாட்டிகளை விட்டுவிடுங்கள். இப்படிச் செய்தால் வெல்லுவீர்களா என்று கேட்டால், தெரியாது. தேர்தல் முடிந்த மறுநாளும் எல்லோரும் அதே தெருவில்தான் நடக்கவேண்டும் என்பது மட்டும் தெரியும்.

எங்கள் தெரு முனையிலுள்ள பாடசாலை வாசலில் வெள்ளைக் கோடு போட்டு, இரண்டு பக்கமும் மஞ்சள் உருண்டை விளக்குக் கம்பங்கள் நட்டார்கள். போன கிழமை நான் வேலை முடிந்து வரும்போது, அதற்கு எதிரே உள்ள வீட்டு மனிதர் வாசலில் நின்று என்னை மறித்தார். இத்தனை வருடத்தில் தலையாட்டியதுகூட இல்லாதவர்.

"மிஸ்டர் தம்பி! நீங்கள் கொண்டுவந்த அந்த விளக்கு என் படுக்கையறைக்குள் மின்னுகிறது. அணைந்து அணைந்து எரிகிறது. எப்படி நித்திரை கொள்வது? உங்கள் டொறிஸுக்கு நான் வாக்குப் போடவும் இல்லை, தெரியுமா? என்ன செய்யப்போகிறீர்கள்?"

விளக்குக்கு அந்தப் பக்கம் ஒரு மறைப்புப் போடலாமா என்று டொறிஸிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னேன். "சீக்கிரம்," என்றார். கதவை அடித்துச் சாத்தினார்.

வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றும்போது திலகம் என் முகத்தைப் பார்த்தா.

"என்ன, றோட்டில சத்தம் கேட்டுது?"

"பள்ளிக்கூடத்துக்கு முன்னால வீட்டுக்காரர். என்னோட சண்டைக்கு வந்தவர்."

"சண்டையோ? அதுக்கு ஏன் இப்பிடிச் சிரிக்கிறியள்?"